பாறையின் இரண்டு பங்காளிகள்: விருத்தாசலத்துக் களிமண்ணும் குளத்துப் பாசியும்

ஃபெல்ட்ஸ்பார் என்பது கருங்கல்லில் வெளிர் நிறமாகத் தெரியும் கனிமம். மழையிலும் வெயிலிலும் நெடுங்காலம் கிடந்து அது சிதையும்போது இரண்டு பொருள்கள் பிரிகின்றன. ஒன்று வெண்களிமண். மற்றொன்று சிலிசிக் அமிலம். களிமண் தரையில் படியும். சிலிசிக் அமிலம் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரோடு போய்விடும்.

களிமண்ணை விருத்தாசலம் எடுத்துக்கொண்டது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்கு முன் தோண்டி அகற்றும் மண்ணில் இந்த வெண்களி நிறையக் கிடைக்கிறது. அது பொம்மையாக, குவளையாக, மின் இன்சுலேட்டராக மாறும் ஊர் இது. பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசுப் பயிலகமும் இங்கே உண்டு. தண்ணீரோடு போன மற்றப் பங்கை எடுத்துக்கொண்டவை டயாட்டம் என்னும் நுண்பாசிகள். குளத்துப் படித்துறையில் கால் வைத்ததும் வழுக்கும் பழுப்புப் படலத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால், படகு வடிவிலும் வட்ட வடிவிலும் கண்ணாடி ஓடுகள் தெரியும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி ஊரைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறு தண்ணீரோடு கொண்டுவரும் சிலிகாதான் அந்த ஓடுகளுக்கு மூலப்பொருள்.

பாசிகளின் அமைப்பு, வகைப்பாடு, இனப்பெருக்கம் மூன்றையும் பாடப்புத்தகங்கள் தனித்தனி அத்தியாயங்களாகச் சொல்லித்தருகின்றன. டயாட்டத்தைக் கவனித்தால் மூன்றும் ஒரே கதை என்று தெரியும்.

சூளை இல்லாத கண்ணாடி

பீங்கான் சூளையின் வெப்பம் 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தூய சிலிகாவை மட்டும் உருக்க வேண்டுமானால் 1700 டிகிரி தேவை. டயாட்டம் இதே சிலிகாவைக் குளத்துத் தண்ணீரின் சாதாரண வெப்பத்தில் கண்ணாடியாக்கிவிடுகிறது.

செல்லுக்குள் இதற்கென்று ஒரு பை இருக்கிறது. தண்ணீரிலிருந்து உறிஞ்சிய சிலிசிக் அமிலம் அந்தப் பைக்குள் சேர்கிறது. அங்கே சிலாஃபின் என்ற புரதக்கூறுகள் அதைப் பிடித்துத் திடமாக்குகின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த நில்ஸ் குரோகர் குழுவினர் 1999-இல் இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சோதனைக் குழாயில் இருந்த சிலிசிக் அமிலக் கரைசலில் அதைச் சேர்த்தபோது நொடிகளுக்குள் சிலிகா உருண்டைகள் உருவாயின. நெருப்பு செய்யும் வேலையை ஒரு புரதம் செய்வதை வேதியியலாளர்கள் நேரில் பார்த்தார்கள்.

டயாட்டத்தின் கூடு இரண்டு ஓடுகளால் ஆனது. மேல் ஓடு சற்றுப் பெரியது, கீழ் ஓடு சற்றுச் சிறியது. மேல் ஓட்டின் விளிம்பு கீழ் ஓட்டின் விளிம்பை மூடிக்கொள்ளும். இரண்டும் சேரும் இடத்தைக் கண்ணாடிப் பட்டைகள் சுற்றியிருக்கும். ஓடு முழுக்க நுண்துளைகள் வரிசை பிடித்திருக்கும். உணவுப் பொருள் உள்ளே வருவதும் கழிவு வெளியே போவதும் இந்தத் துளைகள் வழியேதான். துளைகளின் வரிசையை வைத்தே இனங்களைப் பிரிக்கிறார்கள். மையத்திலிருந்து சுற்றிலும் விரியும் ஒழுங்கு இருந்தால் ஒரு பிரிவு. நடுக்கோட்டின் இருபுறமும் இறகுபோல அமைந்திருந்தால் இன்னொரு பிரிவு. பெயரிடப்பட்ட டயாட்டம் இனங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

இந்தக் கூடு எளிதில் அழியாது. நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தாலும் நிற்கும். நீரில் கிடந்த உடலின் எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் இருக்கிறதா என்று தடயவியல் ஆய்வகங்கள் தேடுவது இதனால்தான். உயிரோடு மூழ்கியவர் மூச்சில் இழுத்த டயாட்டம் இரத்த ஓட்டத்தோடு மஜ்ஜை வரை போயிருக்கும் என்பது அந்தச் சோதனையின் அடிப்படை. இதை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது என்ற எச்சரிக்கையும் அந்தத் துறையில் உண்டு. பழங்காலக் கடல், ஏரித் தரைகளில் படிந்த டயாட்டம் ஓடுகள் வெண்மண் அடுக்குகளாகவே நிற்கின்றன. ஆல்ஃபிரட் நோபல் 1867-இல் நைட்ரோகிளிசரினை உறிஞ்சவைத்து டைனமைட் செய்தது இந்த மண்ணைக் கொண்டுதான். சூளைகளின் வெப்பம் வெளியேறாமல் காக்கும் காப்புச் செங்கல்லும் இதிலிருந்து செய்யப்படுகிறது.

சுருங்கும் தலைமுறை

கண்ணாடிக் கூட்டுக்குள் வாழ்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணாடி வளராது.

செல் இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு மகவுக்கும் பழைய ஓடு ஒன்று கிடைக்கிறது. மற்றொரு ஓட்டைப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். அந்தப் புதிய ஓடு எப்போதும் பழைய ஓட்டின் உட்பக்கத்தில்தான் உருவாகிறது. தாயின் மேல் ஓட்டைப் பெற்ற மகவு தாயின் அளவிலேயே இருக்கும். கீழ் ஓட்டைப் பெற்ற மகவுக்கு அதுவே மேல் ஓடாகிவிடுவதால், அது ஒரு படி சிறியதாகிவிடும். பிரிவு தொடரத் தொடரக் கூட்டத்தின் சராசரி அளவு குறைந்துகொண்டே போகும். 1869-இல் மெக்டொனால்டும் ஃபிட்ஸரும் தனித்தனியே இதைக் கண்டு சொன்னார்கள். இன்று அந்த விதி அவர்கள் இருவர் பெயராலும் வழங்குகிறது.

பீங்கான் பட்டறைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். சூளையில் வெந்த பொருள் அச்சின் அளவில் இருக்காது. பத்தில் ஒரு பங்கு சுருங்குவது சாதாரணம். வெந்த பொம்மையிலிருந்தே அடுத்த அச்சை எடுத்தால் அடுத்த பொம்மை இன்னும் சிறுக்கும்; அதிலிருந்து எடுத்தால் அதைவிடச் சிறுக்கும். அதனால்தான் மூல மாதிரியைப் பெரிதாகச் செய்து தனியே பத்திரப்படுத்துகிறார்கள்.

டயாட்டத்தின் மூல மாதிரி அதன் பாலினப் பெருக்கத்தில் இருக்கிறது. முழு அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியதும் பல இனங்கள் பிரிவதை விட்டுவிட்டு கேமீட் எனப்படும் பாலினச் செல்களை உருவாக்கத் தொடங்குகின்றன. வட்ட வகைகளில் அசையாத முட்டையை ஒற்றைக் கசையிழை கொண்ட ஆண் செல் தேடிவருகிறது. இறகு வகைகளில் இரண்டு செல்கள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு உட்பொருளைக் கலக்கின்றன. கருமுட்டை பழைய ஓடுகளை உதறிவிட்டு, நெகிழும் உறையோடு ஊதிப் பெருக்கிறது. ஆக்சோஸ்போர் எனப்படும் இந்த நிலையில் இனத்தின் முழு அளவை எட்டியதும், அதற்குள் புதிய கண்ணாடிக் கூடு கட்டப்படுகிறது. அங்கிருந்து மறுபடி சுருங்கும் பயணம். இணை கிடைக்காமல் சுருங்கிக்கொண்டே போகும் செல்கள் கடைசியில் மடிந்துவிடும்.

மற்ற பல உயிர்களில் பாலினப் பெருக்கத்தைப் பருவம் தூண்டும், பட்டினி தூண்டும். டயாட்டத்தில் உடலின் அளவே கடிகாரம். சுவரை எதனால் கட்டுவது என்ற ஒரு தேர்வு, வடிவத்தையும் வாழ்க்கைச் சுழற்சியையும் சேர்த்தே நிர்ணயித்துவிட்டது.

யார் யாருக்கு உறவு?

உலகில் பெயரிடப்பட்ட பாசி இனங்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத ஆஸ்ட்ரியோகாக்கஸ் இதில் உண்டு. ஐம்பது மீட்டர் நீளும் கடல் கெல்ப்பும் உண்டு. இவற்றை எப்படிப் பிரிப்பது?

அயர்லாந்தின் வில்லியம் ஹார்வி 1836-இல் நிறத்தைப் பிடித்துக்கொண்டார். பச்சை, பழுப்பு, சிவப்பு என்று மூன்று பிரிவுகள், டயாட்டத்துக்குத் தனியாக ஒன்று. எளிய வழி என்றாலும் அதில் ஆழம் இருந்தது. ஏனென்றால் நிறம் என்பது ஒளியைப் பிடிக்கும் நிறமிகளின் வெளிப்பாடு. பசும்பாசியில் குளோரோஃபில் ஏ, பி இரண்டும் உண்டு. பழுப்புப் பாசியிலும் டயாட்டத்திலும் ஏ, சி ஆகியவற்றோடு ஃபியூகோசாந்தின் சேர்ந்து பழுப்பு நிறம் தருகிறது. சிவப்புப் பாசிக்கு ஃபைகோஎரித்ரின், நீலப்பசும் பாசிக்கு ஃபைகோசயனின்.

லண்டன் பேராசிரியர் எஃப். ஈ. ஃபிரிட்ச் நிறமியோடு நிற்கவில்லை. சேமித்துவைக்கும் உணவு எது, கசையிழைகள் எத்தனை, அவை எங்கே முளைக்கின்றன, இனப்பெருக்கம் எப்படி என்பவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு 11 வகுப்புகளை வகுத்தார். பாசிகளின் அமைப்பையும் இனப்பெருக்கத்தையும் பற்றி அவர் எழுதிய நூலின் முதல் தொகுதி 1935-இலும் இரண்டாவது 1945-இலும் வந்தன. நம் கல்லூரிகளில் இன்னும் அந்த 11 வகுப்புகள்தான் மனப்பாடம்.

பிறகு வந்த எலக்ட்ரான் நுண்ணோக்கியும் மரபணு ஆய்வும் வேறொரு கணக்கைக் காட்டின. பசுங்கணிகத்தைச் சுற்றி எத்தனை சவ்வுகள் என்று எண்ணினால் உறவு தெரியும். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஒரு செல் நீலப்பசும் பாசியை விழுங்கிச் செரிக்காமல் வைத்துக்கொண்டது. பசும்பாசியும் சிவப்புப் பாசியும் அந்த வழிவந்தவை. அவற்றின் பசுங்கணிகத்துக்கு இரண்டு சவ்வுகள். பின்னர் இன்னொரு செல் சிவப்புப் பாசி ஒன்றையே முழுதாக விழுங்கியது. பழுப்புப் பாசியும் டயாட்டமும் அந்தப் பரம்பரை. அவற்றுக்கு நான்கு சவ்வுகள். பசும்பாசியை விழுங்கிய இன்னொரு வரிசையில் யூக்ளினா வந்தது, அதற்கு மூன்று. நீலப்பசும் பாசியோ செல் உட்கரு இல்லாத பாக்டீரியா.

இந்தக் கணக்குப்படி, குளத்தில் மயிர்க்கற்றைபோல் மிதக்கும் ஸ்பைரோகைராவுக்கு நெருங்கிய உறவு கரையில் நிற்கும் நெல்தானே தவிர, பக்கத்துக் கல்லில் ஒட்டியிருக்கும் டயாட்டம் இல்லை. நிலத் தாவரங்களுக்கு மிக அருகில் நிற்பது ஸ்பைரோகைரா சேர்ந்த பிரிவு என்று அண்மைக்கால மரபணு ஆய்வுகள் சொல்கின்றன.

உருவம் ஏமாற்றும்

இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம். ஓ. பி. அய்யங்கார் (1886-1963) சென்னைக்காரர். 1930-இல் லண்டன் சென்று ஃபிரிட்சிடம் ஆய்வு செய்தவர். தென்னிந்தியக் குளங்களிலும் மழைக்குட்டைகளிலும் வாழும் வால்வாக்ஸ் கூட்டத்தைப் பற்றி 1933-இல் அவர் எழுதிய ஆய்வு உலகெங்கும் மேற்கோளாகிறது. அவருடைய மாணவர் டி. வி. தேசிகாச்சாரி 1959-இல் நீலப்பசும் பாசிகளைப் பற்றி வெளியிட்ட பெருநூல் இன்றும் அடையாளம் காண்பதற்கான கையேடு.

அய்யங்கார் 1932-இல் ஈர வண்டலில் வளரும் ஒரு பாசியைக் கண்டு, ஃபிரிட்சைப் பெருமைப்படுத்தி ஃபிரிட்சியெல்லா என்று பெயரிட்டார். மண்ணுக்குள் படரும் பகுதி, மேலே நிமிரும் பகுதி, கீழே இறங்கும் வேரிழை என்று அதன் உடல் ஒரு சிறு செடிபோலவே இருந்தது. பாசியிலிருந்து நிலத் தாவரம் பிறந்த பாதை இதுதான் என்று பலர் நம்பினார்கள். பிற்கால ஆய்வுகள் அது பசும்பாசிகளில் வேறொரு கிளை என்று காட்டிவிட்டன. செடி மாதிரியே இருந்த ஃபிரிட்சியெல்லா தூரத்து உறவு. வெறும் நூலாக மிதக்கும் ஸ்பைரோகைரா நெருங்கிய உறவு.

பாசியின் உடல் அமைப்பை வரிசைப்படுத்தினால் இது புரியும். தனிச் செல்லாகக் கிளாமிடோமோனஸ், உருண்டைக் கூட்டமாக வால்வாக்ஸ், இழையாக ஸ்பைரோகைரா, குறுக்குச் சுவரே இல்லாமல் ஒரே பெரிய செல்லாகக் கிளைத்துப் படரும் காலெர்பா, தழைபோல விரியும் உல்வா. பல பரம்பரைகள் இதே படிகளைத் தனித்தனியே ஏறியிருக்கின்றன. ஆகவே உருவத்தை வைத்து உறவு சொல்லிவிட முடியாது.

கோடையைத் தாண்டும் வழி

விருத்தாசலம் பக்கத்துக் குட்டைகள் பங்குனி, சித்திரையில் வற்றி வெடித்துப்போகும். ஐப்பசி மழை விழுந்து தண்ணீர் தேங்கிய சில நாளில் பச்சை திரும்பிவிடும். இதற்குக் காரணம் பாசிகளிடம் இரண்டு விதமான இனப்பெருக்கம் இருப்பதுதான்.

தண்ணீர் நிறைந்திருக்கும் காலத்தில் அவை அவசரக்காரர்கள். ஸ்பைரோகைரா துண்டானால் ஒவ்வொரு துண்டும் புதிய இழை. கிளாமிடோமோனஸ் தாய்ச் சுவருக்குள்ளேயே பிரிந்து, கசையிழையோடு நீந்தும் இயங்கு ஸ்போர்களை வெளிவிடும். வால்வாக்ஸ் தன் உருண்டைக்குள் மகவு உருண்டைகளை வளர்க்கும். அவை உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பிக்கொண்ட பிறகே தாயைக் கிழித்து வெளியேறும்.

சூழல் மாறியதும் முறை மாறுகிறது. ஸ்பைரோகைராவின் இரண்டு இழைகள் அருகருகே வந்து குழாய் நீட்டி இணைந்துகொள்ளும். ஒரு செல்லின் உட்பொருள் மற்றொன்றுக்குள் ஊர்ந்துபோய்க் கலக்கும். பிறக்கும் கருமுட்டை தடித்த சுவருக்குள் உறங்கி, காய்ந்த சேற்றில் கோடையைக் கழிக்கும். கேமீட்கள் ஒரே அளவாக இருக்கும் இனங்களும் உண்டு. ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இருப்பவையும் உண்டு. வால்வாக்ஸ், ஊடோகோணியம் போல அசையாத முட்டையும் நீந்தும் ஆண் செல்லுமாகப் பிரிந்தவையும் உண்டு. நீலப்பசும் பாசிக்குப் பாலினப் பெருக்கமே இல்லை. அதற்குப் பதில், அனபீனா போன்றவை உணவைச் சேர்த்துச் சுவரைத் தடிப்பாக்கிய அகினீட்டுகளாக வறட்சியைத் தாங்கும். வயலில் காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்துவதும் இதே பாசிகள்தான், பி. கே. டே 1939-இல் நெல்வயல் மண்ணில் இதை நிறுவினார்.

சுண்ணாம்பில் சுவர் வைத்தவை

விருத்தாசலத்திலிருந்து கார்டு லைனில் திருச்சிக்கு ரயிலேறினால் அரியலூரும் கல்லக்குடியும் வரும். வழியெங்கும் சிமென்ட் ஆலைகள். அங்கே வெட்டப்படும் சுண்ணாம்புக்கல், கிரிட்டேஷியஸ் காலக் கடல் இந்த நிலத்தை மூடியிருந்தபோது படிந்தது. விருத்தாசலம் வட்டாரத்திலும் அதே காலப் பாறைகள் தலைகாட்டுகின்றன. கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லில் பவளத்தோடு சேர்ந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாசிகளும் கல்லாகிக் கிடக்கின்றன. அரியலூர்ப் பக்கத்து நின்னியூர்ப் பாறைகளின் புதைபடிவப் பாசிகளை எல். ராமராவும் ஆஸ்திரியாவின் ஜூலியஸ் பியாவும் ஆராய்ந்து 1936-இல் வெளியிட்டார்கள்.

செல்சுவரில் சுண்ணாம்பைப் படியவைக்கும் பவளப்பாசிகள் சிவப்புப் பாசி வகுப்பைச் சேர்ந்தவை. சிவப்புப் பாசிகளுக்கு வாழ்வின் எந்தக் கட்டத்திலும் கசையிழை கிடையாது. ஆண் செல்லால் நீந்த முடியாது. அலை கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் கருவுறுதல் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். கிராசிலேரியா இனமொன்றில் சிறு கடல் பூச்சி போன்ற ஐடோட்டியா என்ற கணுக்காலி ஆண் செல்களை உடம்பில் ஒட்டிக்கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று 2022-இல் கண்டுபிடித்தார்கள்.

கருவுறுதல் அரிது என்பதால், கிடைத்த ஒன்றைப் பலவாக்கும் வழியும் இவற்றிடம் உண்டு. ஒரு கருமுட்டையிலிருந்து தாயின் மேலேயே ஒரு தலைமுறை வளர்ந்து ஏராளம் ஸ்போர்களைத் தரும். அவை முளைத்து இன்னொரு தலைமுறையாகி, அதன் ஸ்போர்களிலிருந்து மறுபடி ஆணும் பெண்ணும் வரும். மூன்று தலைமுறைக்குப் பிறகே சுற்று முடியும். இப்படி உருமாறும் பாசிகளில் ஒரு கட்டத்தைத் தனி இனம் என்று தவறாக நினைத்ததும் உண்டு. ஜப்பானியர் நோரி என்று உண்ணும் பாசியின் ஒரு கட்டம், சிப்பி ஓட்டுக்குள் வாழும் இளஞ்சிவப்பு இழை. இரண்டும் ஒன்றே என்று இங்கிலாந்தின் கேத்லீன் ட்ரூ 1949-இல் காட்டினார். அதன் பிறகுதான் நோரியை விதைத்து வளர்க்க முடிந்தது. ஜப்பானிய மீனவர்கள் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள்.

மண்டபம், ராமேசுவரம் கரையில் மூங்கில் தெப்பங்களில் வளரும் கப்பாஃபைகஸ் பாசிக்கு நேர்ந்தது, பாலினப் பெருக்கமே இல்லாமல் வளர்ப்பதன் விளைவு. அதைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் நடுகிறார்கள். எல்லாம் ஒரே செடியின் துண்டுகள் என்பதால், நோயோ கடல் வெப்பமோ தாக்கும்போது எல்லாம் ஒன்றுபோலவே பலியாகும். 2013-ஐ ஒட்டி அங்கே பெருமளவு பயிர் மடிந்து விளைச்சல் சரிந்தது.

குளத்தின் நிறத்தைப் படிப்பது

உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயாட்டத்தினுடையது. மீனுக்கும் இறாலுக்கும் அடிப்படைத் தீனியும் அதுவே. அதற்கு வேண்டிய சிலிகா பாறை சிதையும் வேகத்தில்தான் வரும், கூட்டிவிட முடியாது. பாஸ்பேட் அப்படியில்லை. சோப்புத் தூளிலிருந்தும் உரத்திலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. பாஸ்பேட் ஏறி சிலிகா தீர்ந்ததும் டயாட்டம் பின்வாங்கும்; ஓடு கட்டத் தேவையில்லாத நீலப்பசும் பாசி அந்த இடத்தைப் பிடிக்கும். அதில் மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை கல்லீரலைத் தாக்கும் நச்சை உண்டாக்கக்கூடியவை. படித்துறைக் கல்லில் பழுப்புப் படலம் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. தண்ணீரின் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் ஏடு படர்ந்தால் அந்தத் தண்ணீரை மாட்டுக்குக்கூடக் காட்டக்கூடாது.

குளம் தூர்வாரும்போது எத்தனை லோடு மண் போனது என்று கணக்கு எழுதுகிறோம். தண்ணீருக்குள் எந்தப் பாசி வாழ்கிறது என்ற கணக்கும் ஊருக்கு வேண்டும். பெரிய செலவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மூழ்கிய கல்லின் மேற்பரப்பைத் தேய்த்துக் கழுவி எடுப்பதுதான் உலகெங்கும் டயாட்டம் சேகரிக்கும் முறை. மேல்நிலைப் பள்ளியில் இருக்கும் நுண்ணோக்கியே பார்க்கப் போதும். விருத்தாசலத்துப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் தங்கள் குளத்தில் மழைக்குப் பிறகு ஒருமுறை, கோடைக்கு முன் ஒருமுறை இதைச் செய்து வரைந்து வைத்தால், சில ஆண்டுகளில் அந்தத் தண்ணீர் தேறுகிறதா கெடுகிறதா என்று ஆதாரத்தோடு சொல்லலாம். உயிரியல் ஆசிரியர்கள் இந்த ஆண்டே தொடங்கலாம்.